மெய்ப்பாடும் நிலைக்களனும்: வெலாஸ்கெஸின் இரண்டு உருவ ஓவியங்கள்

முன்னுரை

ஒருவரின் முகத்தைக் கண்டு அவர் அகத்தை அறியலாம் என்னும் நம்பிக்கை தமிழரிடையே மிகப் பழமையானது. திருக்குறளில் குறிப்பறிதல் என்னும் ஒரே பெயரில் பொருட்பாலில் ஓர் அதிகாரமும் காமத்துப்பாலில் ஓர் அதிகாரமும் அமைந்திருப்பது இந்நம்பிக்கையின் வலிமைக்குச் சான்றாகும். உருவ ஓவியம் ஒன்றின்முன் நிற்கும்போதும் நாம் இதே நம்பிக்கையுடன்தான் நிற்கிறோம். 'இவர் கடுமையானவர்', 'இவர் பெருமிதம் மிக்கவர்', 'இவர் எதையோ மறைக்கிறார்' எனச் சில நொடிகளிலேயே முடிவு கட்டிவிடுகிறோம். ஓவியம் சிறந்ததாக இருப்பின் அம்முடிவில் நமக்கு ஐயமே எழுவதில்லை.

இம்முடிவுக்கு ஓவியத்தில் உள்ள ஆதாரம் எவ்வளவு, நாம் வெளியிலிருந்து கொண்டுவந்து சேர்ப்பது எவ்வளவு என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. இதனை ஆராய்வதற்கு ஸ்பெயின் நாட்டு ஓவியர் தியேகோ வெலாஸ்கெஸ் (1599–1660) 1650ஆம் ஆண்டில் ரோம் நகரில் தீட்டிய இரண்டு உருவ ஓவியங்களை எடுத்துக்கொள்கிறோம். ஒன்றில் இருப்பவர் பாப்பரசர் பத்தாம் இன்னசென்ட். மற்றொன்றில் இருப்பவர் ஹுவான் தெ பரேஹா. ஓவியருக்கு உடைமையாக இருந்த அடிமை. ஒரே ஓவியர், ஒரே நகரம், ஒரே ஆண்டு. அமர்ந்தோர் இருவரும் அக்காலச் சமுதாயத்தின் இரு எல்லைகளில் இருந்தவர்கள். ஒப்பீட்டுக்கு இதனினும் ஏற்ற இணை அமைவது அரிது.

ஆய்வுக் கருவியாகத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் ஒரு கருத்தைக் கொள்கிறோம். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளைக் கூறும் தொல்காப்பியர், ஒவ்வொன்றும் தோன்றுவதற்கு நந்நான்கு காரணங்களையும் வகுக்கிறார். இக்காரணங்களை நிலைக்களன் என்பர். உடலில் தோன்றுவது ஒன்று, அது தோன்றுவதற்குரிய காரணம் மற்றொன்று என்னும் தெளிவு அவ்வியலின் அமைப்பிலேயே உள்ளது. இது செய்யுளுக்கு வகுக்கப்பட்ட இலக்கணம், ஓவியத்திற்கு அன்று என்பதை மறந்துவிடவில்லை. எனினும் இப்பாகுபாடு நம் வினாவுக்கு நேரடியாகப் பயன்படுவதைக் கீழே காணலாம்.

ஓவியங்களின் பின்னணி

மன்னர் நான்காம் பிலிப்பின் அரசவை ஓவியராகிய வெலாஸ்கெஸ், அரண்மனைக்கு வேண்டிய கலைப்பொருள்களைப் பெறும் பொருட்டு 1649ஆம் ஆண்டில் இரண்டாம் முறையாக இத்தாலிக்குச் சென்றார். 1651ஆம் ஆண்டில் நாடு திரும்பினார். பரேஹா அவருடன் சென்றார். ஓவியக் கூடத்தில் உதவியாளராகப் பணிபுரிந்த அவர் தென் ஸ்பெயினின் அந்தகேராவில் பிறந்தவர், ஆப்பிரிக்க வழியினர்.

ஓவியர்களின் வரலாற்றை எழுதிய அந்தோனியோ பலோமினோ 1724ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் இவ்விரு ஓவியங்களையும் குறிப்பிடுகிறார். பாப்பரசரைத் தீட்டுவதற்கு முன் ஒரு தலையை நேரில் பார்த்து வரைந்து பழகிக்கொள்ள வெலாஸ்கெஸ் விரும்பினார் என்றும், அதற்காகவே பரேஹாவைத் தீட்டினார் என்றும் அவர் கூறுகிறார். அவ்வோவியம் 1650 மார்ச் 19ஆம் நாள், புனித சூசையப்பர் திருநாளில், பாந்தியன் கோவிலில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. ஏனைய படங்கள் ஓவியமாகத் தோன்றுகின்றன, இது ஒன்றே உண்மையாகத் தோன்றுகிறது என்னும் பொருள்படப் பல நாட்டு ஓவியர்களும் பாராட்டினர் என்பது பலோமினோ தரும் செய்தி.

'உண்மை' என்னும் இச்சொல்லே பாப்பரசரின் படத்தைப் பற்றிய கதையிலும் இடம்பெறுகிறது. முடிவுற்ற ஓவியத்தைக் கண்ட பாப்பரசர், இது மிகையான உண்மை என்று கூறியதாக ஒரு செய்தி பரவலாக வழங்கி வருகிறது. அது செவிவழிக் கதை. வரலாற்றுச் சான்றாகக் கொள்ளத்தக்கதன்று. ஆயினும் இரண்டு ஓவியங்களும் உண்மை என்னும் ஒரே அளவுகோலால் போற்றப்பட்டன என்பது நோக்கத்தக்கது. எதைப் பற்றிய உண்மை என்பதுதான் கேள்வி.

பாப்பரசரின் பார்வை

பாப்பரசரின் ஓவியம் ஏறத்தாழ 140 சென்டிமீட்டர் உயரமும் 120 சென்டிமீட்டர் அகலமும் உடையது. ரோம் நகரின் டோரியா பம்ஃபீலி காட்சியகத்தில் உள்ளது. உயர்ந்த நாற்காலியில் உடல் சற்றே ஒரு பக்கம் திரும்பியிருக்கப் பாப்பரசர் அமர்ந்திருக்கிறார். பின்னே சிவப்புத் திரை, நாற்காலி சிவப்பு, தொப்பியும் தோள் மேலாடையும் சிவப்பு. முகத்தின் செந்நிறமும் இச்சிவப்புகளோடு சேர்ந்துகொள்ளச் சூடேறியது போன்ற உணர்வு ஓவியம் முழுவதும் பரவுகிறது. கீழே வெண்ணிற ஆடை மட்டுமே அதற்கு மாற்றாக அமைகிறது. புருவங்கள் நெருங்கியுள்ளன, உதடுகள் இறுகியுள்ளன, தாடி அடர்த்தியின்றி இருக்கிறது. கண்கள் நம்மை நேராகப் பார்க்கின்றன.

பாப்பரசரை நாற்காலியில் அமர்ந்த நிலையில் முக்கால் உருவமாகத் தீட்டுவது வெலாஸ்கெஸுக்கு முன்பே நிலைபெற்றிருந்த மரபு. 1511–1512ஆம் ஆண்டுகளில் இரண்டாம் ஜூலியஸைத் தீட்டிய ரஃபேல் இம்மரபுக்கு வழிவகுத்தார் எனலாம். ஆனால் ரஃபேலின் பாப்பரசர் பார்வையைத் தாழ்த்தித் தம் எண்ணத்துள் ஆழ்ந்திருக்கிறார். நாம் அவரைப் பார்க்கலாம். அவர் நம்மைப் பார்ப்பதில்லை. வெலாஸ்கெஸ் மரபின் பிற கூறுகளை வைத்துக்கொண்டு பார்வையை மட்டும் மாற்றினார். இன்னசென்ட் நம்மைப் பார்க்கிறார்; அதனால் நாம் பார்க்கப்படுகிறோம் என்னும் உணர்வு எழுகிறது.

மேற்படிப்பின்பொருட்டு வெளிநாட்டில் தங்கியிருந்த காலத்தில் இவ்வோவியத்தை முதன்முதலாக நேரில் கண்டபோது நம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்ட சொல் 'வஞ்சம்' என்பதாகும். அச்சொல்லை எழுதியதற்கு ஒரு காரணம் இருந்தது. இன்னசென்ட் எவரையும் எளிதில் நம்பாதவர் என்று வரலாற்று நூல்களில் முன்னரே படித்திருந்தோம். படித்ததை முகத்தில் கண்டோம். கண்டவுடன் ஓவியம் அதனை மெய்ப்பித்துவிட்டதாக மகிழ்ந்தோம். இது வட்டமிட்டுச் சுற்றும் வாதம் என்பது அன்று நமக்குத் தோன்றவில்லை.

ஓவியத்திலேயே உள்ள ஒரு பொருளை அப்போது நாம் பொருட்படுத்தாமல் விட்டுவிட்டோம். பாப்பரசரின் இடக்கையில் ஒரு தாள் இருக்கிறது. அதில் அவருக்குரிய மரியாதைத் தொடரும் வெலாஸ்கெஸின் பெயரும் எழுதப்பட்டுள்ளன. ஓவியர் கையொப்பமிடுவதற்குக் கண்டுபிடித்த நயமான வழி என்று மட்டும் இதனைக் கொள்வர். அதனினும் மேலான பொருள் அதற்கு உண்டு. ஓவியத்தின் கதைப்படி அத்தாளைக் கொடுத்தவர் இப்போது பாப்பரசரின் எதிரே நிற்கிறார். அவர் நின்ற இடத்தில்தான் நாம் நிற்கிறோம். எனவே அப்பார்வை, மனு ஒன்றைப் பெற்றுக்கொண்டு அதனைக் கொடுத்தவரை எடைபோடும் உயர் அதிகாரியின் பார்வை. கூர்மையும் எச்சரிக்கையும் அப்பதவிக்கு இயல்பானவை. மெய்ப்பாட்டுக்குரிய நிலைக்களனை ஓவியரே ஒரு தாளின் வடிவில் படத்துக்குள் வைத்திருக்கிறார். நாமோ அதனை விடுத்து வரலாற்று நூலிலிருந்து வேறொரு நிலைக்களனைக் கொண்டுவந்து சேர்த்தோம்.

ஒரே அறையில் இரண்டு இன்னசென்ட்

அக்காட்சியகத்தில் ஓவியம் தொங்கும் சிறிய அறையிலேயே பெர்னினி செதுக்கிய இன்னசென்டின் பளிங்கு மார்பளவுச் சிலையும் வைக்கப்பட்டுள்ளது. ஓவியமும் சிலையும் ஏறத்தாழ ஒரே காலத்தவை. எழுபது வயதைக் கடந்த அதே மனிதர், அதே அகன்ற நெற்றி, அதே மூக்கு, அதே தாடி. ஆனால் சிலையின் முகத்தில் அமைதியும் கண்ணியமும் காணப்படுகின்றன. பார்வை நம்மைக் கடந்து செல்கிறது. 'வஞ்சம்' என்னும் சொல் அச்சிலையின்முன் பொருந்தவே பொருந்தாது.

இவ்விரண்டுள் எது உண்மையான இன்னசென்ட்? இவ்வினாவுக்குப் பெரும்பாலோர் ஓவியத்தையே விடையாகத் தருவர். சிலை முகமன் கூறுகிறது, ஓவியம் உண்மை கூறுகிறது என்பது அவர்கள் கருத்து. கடுமையாகக் காட்டுவதே உண்மை, இனிமையாகக் காட்டுவது புகழ்ச்சி என்னும் இம்முடிவு ஓர் ஊகமே. பெர்னினி இந்தப் பாப்பரசருக்காக நவோனா சதுக்கத்தில் நான்கு ஆறுகளின் நீரூற்றை அமைத்தவர். 1651ஆம் ஆண்டில் அது நிறைவுற்றது. இன்னசென்டை அவர் அறிந்திருந்த அளவு, சிறிது காலமே ரோமில் தங்கிய வெலாஸ்கெஸ் அறிந்ததற்குக் குறைந்தது என்று கொள்ள இடமில்லை. மேலும், ஓவியம் தம்மை இழிவுபடுத்துகிறது எனப் பாப்பரசர் கருதியதாகவும் தோன்றவில்லை. ஓவியருக்குப் பொற்சங்கிலியுடன் பதக்கம் ஒன்றை அவர் வழங்கினார் என்று பலோமினோ கூறுகிறார். நாம் வஞ்சம் என்று கண்டதை அவர் விழிப்பு என்றோ ஆளுமை என்றோ கண்டிருக்கக்கூடும்.

20ஆம் நூற்றாண்டில் பிரான்சிஸ் பேக்கன் இவ்வோவியத்தை அடிப்படையாகக் கொண்டு பல ஓவியங்களைத் தீட்டினார். அவற்றுள் 1953ஆம் ஆண்டின் புகழ்பெற்ற ஓவியத்தில் பாப்பரசர் வாய்பிளந்து அலறுகிறார். வெலாஸ்கெஸின் இறுகிய உதடுகளுக்குள் அத்தகைய அலறல் ஒன்று அடங்கியிருக்கிறது என இன்று பலர் எழுதுகின்றனர். பிற்கால ஓவியம் முற்கால ஓவியத்துக்கு நிலைக்களன் தரும் விந்தையை இங்குக் காண்கிறோம்.

பரேஹாவின் பெருமிதம்

பரேஹாவின் ஓவியம் அளவில் சிறியது. ஏறத்தாழ 81 சென்டிமீட்டர் உயரமும் 70 சென்டிமீட்டர் அகலமும் உடையது. இப்போது நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் உள்ளது. சாம்பலும் பச்சையும் கலந்த பின்னணி. அதனோடு ஒத்த நிறத்தில் மேலாடை. கழுத்தில் வெண்மையான பின்னல் வேலைப்பாட்டுப் பட்டி. உடல் சற்றுத் திரும்பியிருக்க, ஒரு கை மார்பின் குறுக்கே மடிந்து மேலாடையைப் பற்றியிருக்கிறது. நெற்றியில் ஒளி விழுகிறது. தலை நிமிர்ந்துள்ளது, கண்கள் நம் கண்களுக்கு நேரே நிற்கின்றன. உயர்குடியினரைத் தீட்டுவதற்குரிய நிலை இது.

இம்முகத்தில் தோன்றுவதைப் பெருமிதம் எனத் தமிழ் கற்ற எவரும் தயக்கமின்றிக் கூறுவர். பெருமிதம் தோன்றுவதற்குக் கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை என்னும் நான்கினைத் தொல்காப்பியம் காரணமாகக் கூறுகிறது. இவற்றுள் எது பரேஹாவுக்குரியது? ஓவியக் கலையில் அவர் பெற்ற பயிற்சியைக் கல்வி எனலாம். ஆனால் அவர் கையில் தூரிகை இல்லை. உரிமையற்ற நிலையிலும் தாழாத நெஞ்சுறுதியை அஞ்சாமை எனலாம். ஆனால் அவர் அடிமை என்பதற்குப் படத்தில் எவ்வித அடையாளமும் இல்லை. அவர் யார் என்று அறியாத ஒருவர் இவ்வோவியத்தைக் கண்டால் செல்வம் படைத்த ஒரு வணிகரின் தன்னிறைவு என்றுகூடக் கொள்ளலாம். பாப்பரசரின் கையில் ஓவியர் ஒரு தாளை வைத்தார். பரேஹாவின் கையில் எதையும் வைக்கவில்லை. மெய்ப்பாடு மிகத் தெளிவாக இருக்கிறது. நிலைக்களன் முற்றிலும் வெறுமையாக இருக்கிறது.

அவ்வெற்றிடத்தை நிரப்பக் கதைகள் தோன்றியது வியப்பன்று. பரேஹா தம் தலைவருக்குத் தெரியாமல் ஓவியம் பயின்றார் என்றும், மன்னர் பிலிப் அதனைக் கண்டறிந்து அவரை விடுவிக்கச் செய்தார் என்றும் பலோமினோ எழுதினார். பிற்காலத்தவரோ, இத்துணைக் கண்ணியத்துடன் தீட்டிய வெலாஸ்கெஸ் தம் அடிமையைச் சமமாகவே மதித்திருப்பார் என்று எழுதினர். இரண்டாவது கருத்து நம் வகுப்பறைகளிலும் ஒலித்ததுண்டு. நாமும் அவ்வாறு கூறியிருக்கிறோம்.

ஆவணம் கூறுவது

1983ஆம் ஆண்டில் ஜெனிபர் மாண்டேகு ரோம் நகர ஆவணம் ஒன்றை வெளியிட்டார். 1650 நவம்பர் 23ஆம் நாளிடப்பட்ட அவ்வாவணத்தின்வழி வெலாஸ்கெஸ் பரேஹாவுக்கு விடுதலை அளிக்கிறார். ஆனால் அது உடனே நடைமுறைக்கு வரவில்லை. மேலும் நான்கு ஆண்டுகள் கழிந்த பின்னரே விடுதலை செல்லும்; அதுவரை பரேஹா தப்பியோடக் கூடாது; குற்றம் புரியவும் கூடாது. மன்னர் விடுவித்தார் என்னும் பலோமினோவின் கதை இவ்வாவணத்தால் தள்ளுபடியாகிறது.

ஓவியத்தின் பயனாகவே விடுதலை கிட்டியது என்று கூறுவோரும் உளர். மார்ச் மாதத்தில் பாந்தியனில் பாராட்டு. எட்டு மாதங்களில் விடுதலை ஆவணம். கால வரிசை ஒன்றே இக்கருத்துக்கு ஆதாரம். அதே கால வரிசையை வேறு வகையாகவும் படிக்கலாம். உலகமே வியந்து பாராட்டிய அம்முகத்துக்குரியவர் அப்பாராட்டுக்குப் பின்னும் ஐந்தாண்டுகளுக்குச் சற்றுக் குறைவான காலம் உடைமையாகவே இருந்தார். பாந்தியனில் 'உண்மை' என்னும் பாராட்டைப் பெற்றவர் ஓவியர். பலோமினோ தரும் மற்றொரு செய்தியும் இதனை உணர்த்தும். ஓவியத்தைப் பரேஹாவின் கையிலேயே கொடுத்து நண்பர்களிடம் கருத்துக் கேட்டுவர வெலாஸ்கெஸ் அனுப்பினாராம். படத்தோடு பேசுவதா, ஆளோடு பேசுவதா என்று அவர்கள் திகைத்தனராம். அத்திகைப்பை இன்றும் நாம் சுவைத்துக் கூறுகிறோம். தம் படத்தைத் தாமே சுமந்து சென்றவர், அது அச்சாகத் தம்மைப் போலிருக்கிறது என்பதற்குச் சான்றுப் பொருளாக நின்றார் என்பதை எண்ணுவதில்லை.

எனவே, ஓவியத்தில் காணும் பெருமிதத்திலிருந்து ஓவியரின் பெருந்தன்மையை வருவிப்பது பிழையாகும். ஒரு மனிதரின் முகத்துக்கு முழுக் கவனம் அளிப்பதும் அவருக்கு உரிமை அளிப்பதும் வெவ்வேறு செயல்கள். முன்னதை வெலாஸ்கெஸ் குறைவறச் செய்தார். பின்னதை நான்காண்டு நிபந்தனையுடன் செய்தார்.

பரேஹா தீட்டிய பரேஹா

விடுதலை பெற்ற பரேஹா மாட்ரிட் நகரில் ஓவியராக வாழ்ந்தார். 1661ஆம் ஆண்டில் அவர் தீட்டிய 'புனித மத்தேயுவின் அழைப்பு' என்னும் பெரிய ஓவியம் இன்று பிராடோ அருங்காட்சியகத்தில் உள்ளது. அதன் ஓரத்தில் தம்மையும் ஒருவராக அவர் தீட்டிக்கொண்டார். அங்கும் அவர் நிமிர்ந்து நின்று நம்மைப் பார்க்கிறார். ஆனால் வெலாஸ்கெஸ் காட்டிய முகத்துக்கும் இம்முகத்துக்கும் வேறுபாடு உண்டு. நிறம் வெளுத்திருக்கிறது, முகக்கூறுகள் ஐரோப்பியச் சாயல் பெற்றுள்ளன.

இதனைக் கண்டு வருந்துவோர் பலர். வெலாஸ்கெஸின் படம் அவரை உள்ளவாறு காட்டியது, அவரோ தம்மை மறைத்துக்கொண்டார் என்பது அவர்கள் வருத்தம். இங்கும் நாம் சற்றுத் தயங்க வேண்டும். எது பரேஹாவின் உண்மை முகம் என்று அவருக்கே கற்பிக்கும் நிலையில் நாம் இருக்கிறோமா? நிறமும் குலத்தூய்மையும் மதிப்பை உறுதிசெய்த ஒரு சமுதாயத்தில் ஓவியராக நிலைபெற விரும்பிய ஒருவர் தம்மை எவ்வாறு காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது என்பதை அவ்வோவியம் கூறுகிறது. அதுவும் ஓர் உண்மையே. அவர் கையில் ஒரு தாள் இருக்கிறது. அதில் எழுதப்பட்டிருப்பது அவருடைய பெயர். பாப்பரசரின் கையிலிருந்த தாளில் வெலாஸ்கெஸ் தம் பெயரை எழுதினார். 11 ஆண்டுகள் கழித்து, தம் படத்தில் விடுபட்ட தாளைப் பரேஹா தாமே எழுதிச் சேர்த்துக்கொண்டார் எனலாம்.

நியூயார்க் அருங்காட்சியகம் 2023ஆம் ஆண்டில் பரேஹாவை ஓர் ஓவியராக முன்னிறுத்திக் கண்காட்சி ஒன்றை நடத்தியது. அதன்பின் வெலாஸ்கெஸின் படத்தில் நாம் காணும் பெருமிதத்தின் நிலைக்களன் மீண்டும் மாறுகிறது. தாழாத அடிமை என்று கண்டவர்கள் இப்போது ஒரு கலைஞரின் தன்மதிப்பைக் காண்கின்றனர். வண்ணத்தில் ஒரு புள்ளியும் மாறவில்லை.

உருவ ஓவியம் எதைத்தான் உணர்த்துகிறது?

அவ்வாறாயின் உருவ ஓவியம் அமர்ந்தவரைப் பற்றி எதுவுமே கூறவில்லையா என்னும் வினா எழுவது இயல்பு. அத்தகைய முடிவுக்கு நாம் வரவில்லை. தாம் பார்க்கப்படும்போது ஒருவர் எவ்வாறு நிற்கிறார் என்பதை ஓவியம் காட்டுகிறது. இன்னசென்ட் தம்மைப் பார்ப்பவரை எடைபோடுகிறார். பரேஹா தம்மைப் பார்ப்பவரிடம் எதையும் கேட்கவில்லை, எதையும் தரவுமில்லை. இவ்வேறுபாடு நாம் கற்பித்ததன்று. கண்ணின் அமைப்பிலும் கையின் நிலையிலும் வண்ணத்திலும் உள்ளது. பயிற்சி பெற்ற எவரும் அதனைச் சுட்டிக்காட்டலாம், மறுப்பவரோடு வாதிடலாம்.

ஆனால் அந்நிலைப்பாட்டிலிருந்து குணத்துக்குச் செல்வது அடுத்த படி. அப்படியில் ஓவியம் நம்முடன் வருவதில்லை. ஆவணம், வரலாறு, பிற ஓவியங்கள், அமர்ந்தவர் தம்மைப் பற்றித் தாமே விட்டுச்சென்ற சான்று ஆகியவையே அங்கு நமக்குத் துணை. வெலாஸ்கெஸின் சிறப்பு, குணத்தைக் கூறிவிட்டதில் இல்லை. எந்தக் கதையை வைத்தாலும் தாங்கி நிற்கும் அளவுக்கு மெய்ப்பாட்டைத் திண்மையாகத் தீட்டியதில் உள்ளது. அத்திண்மையே நம்மை ஏமாற்றவும் செய்கிறது.

முடிவுரை

இவ்வாய்வு தமிழாசிரியர்களுக்கும் தொடர்புடையது. கதைமாந்தரின் பண்புநலன்களை எழுதுக என்றும், படத்தைக் கண்டு கருத்துரைக்க என்றும் மாணவர்களிடம் கேட்கிறோம். 'கண்டிப்பானவர்', 'பணிவானவர்' என ஒரு சொல்லில் விடை வந்தால் மதிப்பெண் வழங்கிவிடுகிறோம். அவ்வாறு செய்யும்போது, முகத்தைக் கண்டவுடன் மனிதரை முடிவுசெய்யும் பழக்கத்துக்கு நாமே பயிற்சி அளிக்கிறோம். பல இனத்தவர் வாழும் நாட்டில் அப்பழக்கத்தின் விளைவு வகுப்பறையோடு நிற்பதில்லை.

இதற்கு மாறாக, மூன்று வினாக்களை வரிசையாகக் கேட்கலாம். முகத்திலும் உடலிலும் காணப்படுவது யாது? அதற்குரிய காரணத்தைப் படமே தருகிறதா, நீ தருகிறாயா? இப்படத்தில் உள்ளவர் தாமே தம்மைத் தீட்டியிருந்தால் எதை மாற்றியிருப்பார்? முதல் வினா கண்ணுக்குப் பயிற்சி. இரண்டாவது அறிவுக்குப் பயிற்சி. மூன்றாவது வினாவுக்கு விடை காண்பது கடினம். பரேஹாவைப் போலத் தம் விடையைத் தாமே வரைந்து வைத்துச் சென்றவர்கள் மிகச் சிலரே. ஆயினும் அவ்வினாவைக் கேட்ட மாணவர், முன்னிருக்கும் முகத்துக்கு உரியவர் வேறொருவர் என்பதையேனும் உணர்வார். குறிப்பறிதலின் தொடக்கம் அதுவே என்பது நம் கருத்து.